கையெழுத்து முந்நூற்று முப்பதுக்கு, கையில் இருநூற்றுப் பத்து

("உழைப்பவர் வீட்டில் அடுப்பு எரியத் தேவை நல்ல மனமா? நல்ல சட்டமா?" என்ற பட்டிமன்றத்தில் 'நல்ல சட்டமே' அணியில் இரண்டாவதாகப் பேசியது)

நல்ல மனசை மட்டுமே நம்பி எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, பிள்ளைகளை மடியில வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டுக்கிட்டிருக்கிற தாய்மார்களே, வீட்டில ஒரு கண்ணு டி.வி.யிலயும் ஒரு கண்ணு அடுப்பிலயும் வச்சிருக்கிற சகோதரிகளே... அடுப்பை ஒரு பத்து நிமிஷம் சிம்முல வச்சுட்டு வாங்க.

எதிரணி நண்பர் ரொம்ப அழகாப் பேசினார். "கூலி கொடுக்கிறவனுக்கு நல்ல மனசு இருந்துட்டா சட்டமே தேவையில்லை" அப்படின்னார். ரொம்பச் சரி. எனக்கு முதுகுல ரெண்டு றெக்கை இருந்துட்டா பஸ் டிக்கெட்டே தேவையில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

நான் நல்ல மனசு வேண்டாம்னு சொல்ல வரல, நடுவர் அவர்களே. வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறோமே, அது நல்ல மனசு. ஒத்துக்கறேன். ஆனா அரசாங்கக் கட்டடத்தைப் பெருக்கறாங்களே, அங்க நல்ல மனசு யாருக்கு இருக்கணும்? அரசாங்கம் நேரா ஆள் வைக்கல. காண்ட்ராக்டர்கிட்ட விட்டிருக்கு. அப்போ மனசு அதிகாரிக்கா? காண்ட்ராக்டருக்கா? இல்லை, அந்தக் கட்டடத்துக்கேவா? (சிரிப்பு)

ஒரு கணக்குச் சொல்றேன். நான் கணக்கு டீச்சர். எதைச் சொன்னாலும் கணக்காத்தான் வரும், பொறுத்துக்குங்க. ஒரு ஆபீஸைப் பெருக்கப் பத்துப் பேர் வேணும். டெண்டர் விடறாங்க. ரெண்டு பேர் போடறாங்க. முதல் ஆளுக்கு நல்ல மனசு. "ஒரு ஆளுக்கு நாளைக்கு ஐந்நூறு ரூபாயாவது கொடுக்கணும், இல்லைன்னா அவங்க எப்படிப் பிழைப்பாங்க"ன்னு நினைக்கிறார். பத்துப் பேருக்கு முப்பது நாளைக்கு ஒண்ணரை லட்சம். ரெண்டாவது ஆளு முந்நூற்றைம்பது போடறார். ஒரு லட்சத்து ஐயாயிரம். துடைப்பம் விலை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். பினாயில் விலையும் ஒண்ணுதான். கடைக்காரன் யாருக்கும் குறைச்சுத் தரப்போறதில்லை. குறைக்கறதுக்குன்னு அந்தக் கணக்குல இருக்கிற ஒரே சாமான் மனுஷ வயிறுதான். கவரைப் பிரிக்கிறாங்க. விதிப்படி, குறைச்சலாக் கேட்டவருக்கு வேலை. நல்ல மனசுக்காரர் எங்கே போவார்? வீட்டுக்குப் போவார். போய்ப் பட்டிமன்றம் பார்ப்பார். (சிரிப்பு, கைதட்டல்)

அதிகாரி கெட்டவர் இல்லை. விதியை மீறினா நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து "ஏன்யா நாற்பத்தையாயிரம் அதிகம் கொடுத்தே?"ன்னு கேட்பார். ரெண்டாவது காண்ட்ராக்டர்கூட கெட்டவர்னு நான் சொல்லல. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். ஆக, யாருமே கெட்டவங்க இல்லாம பத்துப் பேர் வயிறு காயுது. இதை மனசு எப்படிச் சரி பண்ணும்? "யார் டெண்டர் போட்டாலும் ஆள் கூலி இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது"ன்னு ஒரு கோடு போட்டாத்தான் அந்த முதல் ஆளு, அந்த நல்ல மனசுக்காரர், டெண்டர்ல ஜெயிக்க முடியும். எதிரணி நண்பர்களே, உங்க கட்சிக்காரரைக் காப்பாத்தறதே எங்க சட்டம்தான்! (பலத்த கைதட்டல்)

இப்படி ஒரு கோட்டை ஒரு ஊரே சேர்ந்து போட்ட கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவில, வாஷிங்டனுக்குப் பக்கத்தில, பால்டிமோர்னு ஒரு துறைமுக ஊர். உடனே "அமெரிக்காவை ஏன் இங்க இழுக்கிறே"ன்னு கேட்காதீங்க. உங்க வீட்டுப் பிள்ளை அங்க இருக்கும்போது உதாரணம் மட்டும் வரக் கூடாதா? (சிரிப்பு)

அந்த ஊர்ல பழைய துறைமுகத்தையொட்டி ஊர்ப் பணத்தைப் போட்டுப் பெரிய பெரிய ஓட்டல், கடைவீதி எல்லாம் கட்டினாங்க. வேலை வந்துது. கூலிதான் வரலை. மாநகராட்சியே பல வேலைகளைக் காண்ட்ராக்டர்கிட்ட விட்டுது. அந்த ஊர்ச் சர்ச்சுகள்ல ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவாங்க. 1990-களோட தொடக்கத்தில போதகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. சாப்பாட்டு வரிசையில நிக்கறவங்கள்ல பல பேர் வேலை இல்லாதவங்க இல்லை. வேலைக்குப் போறவங்க! முழு நாளும் உழைச்சுட்டு, அதுக்கப்புறம் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறாங்க.

நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்க. அந்தப் போதகர்களைவிட நல்ல மனசு யாருக்கு வேணும்? சோறு போடறாங்களே! அவங்க என்ன பண்ணியிருக்கலாம்? இன்னும் ரெண்டு அண்டா வாங்கியிருக்கலாம். வாங்கலை. "வேலை செய்யறவன் ஏன் எங்கிட்டச் சாப்பாட்டுக்கு வரணும்?"னு கேட்டாங்க. சர்ச்சுகள் சேர்ந்து நடத்தின 'பில்டு'ங்கிற அமைப்பும், அரசு ஊழியர் சங்கமும் கைகோத்தாங்க. தெருத்தெருவாப் போய் ஆள் சேர்த்தாங்க. 1994 டிசம்பர்ல மேயர் கர்ட் ஷ்மோக் கையெழுத்துப் போட்டு ஊர்ச் சட்டம் வந்தது. நல்ல மனசு நிறைய இருந்தவங்களே கடைசியில தேடிப் போனது எங்க அணியைத்தான்! (கைதட்டல்)

அந்தச் சட்டத்தை எழுதின விதத்தைத்தான் நான் உங்ககிட்டச் சொல்ல ஆசைப்படறேன். ஏன்னா, சட்டம்னா என்னமோ வானத்திலிருந்து விழற மாதிரி நினைக்கிறோம். வீட்டில பெண்கள் மாவு சலிக்கிறதில்லையா? அதே வேலைதான். எங்கெங்கே ஓட்டை, எது வழியா எது நழுவும்னு பார்த்துப் பார்த்துச் செய்யறது.

முதல்ல, யாரைக் கட்டுப்படுத்தறது? ஊர்ல இருக்கிற எல்லாக் கடைக்கும் கூலி நிர்ணயம் பண்றதுன்னா ஆயிரம் சண்டை வரும். அவங்க சாமர்த்தியமா என்ன பண்ணினாங்கன்னா, "மத்தவனை விடு. எங்க ஊர்ப் பணத்தை வாங்கறியா? அப்போ எங்க நிபந்தனைக்கு ஒத்துக்கோ"ன்னாங்க. காசு கொடுக்கறவங்களுக்கு நிபந்தனை போட உரிமை உண்டு இல்லையா? கத்தரிக்கா வாங்கறப்போகூட "சொத்தை இல்லாமப் போடு"ன்னு சொல்றோமே! அதனால மாநகராட்சி காண்ட்ராக்டருக்கு மட்டும்தான் சட்டம். காண்ட்ராக்டர் தன் கையால செய்யாம இன்னொருத்தர்கிட்ட உள் காண்ட்ராக்ட் விட்டா? அவருக்கும் உண்டுன்னு சேர்த்து எழுதினாங்க. இல்லைன்னா கூலி படியிறங்கிப் படியிறங்கிப் பாதாளத்துக்குப் போயிடும்.

அடுத்தது, எவ்வளவு? அப்போ அந்த நாட்டோட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4 டாலர் 25 சென்ட். வாரம் 40 மணி, வருஷம் 52 வாரம், ஒரு நாள் லீவு இல்லாம உழைச்சா 8,840 டாலர். நாலு பேர் குடும்பத்துக்கு அந்த நாட்டு வறுமைக்கோடு அப்போ ஏறக்குறைய 15,000. பார்த்தீங்களா? சட்டப்படி கூலி வாங்கி, சட்டப்படி ஏழையா இருக்கலாம்! (கைதட்டல்) அதனால அவங்க வறுமைக்கோட்டிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டாங்க. குடும்பம் தலைநிமிர எவ்வளவு வேணும், அதை உழைக்கிற மணிக்கு வகுத்தா என்ன வருது? 1995 ஜூலையில மணிக்கு 6 டாலர் 10 சென்ட்ல ஆரம்பிச்சு, படிப்படியா 7 டாலர் 70 சென்ட் வரைக்கும் ஏத்தினாங்க. ஒரே நாள்ல ஏத்தினா நடந்துக்கிட்டிருக்கிற காண்ட்ராக்டெல்லாம் கவிழ்ந்துடும்னு படி வச்சாங்க. மாடிக்கு ஏணி வேணும்னு தெரிஞ்சவங்க.

"ஐயோ, ஊர்ப் பணம் எல்லாம் போயிடும்"னு அங்கேயும் ஒரு எதிரணி உட்கார்ந்திருந்தது. 1999-ல ஒரு ஆய்வு வந்தது. சட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் காண்ட்ராக்ட் தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்தா ஏறியிருந்தது 1.2 சதவிகிதம். விலைவாசி ஏறினதைவிடக் கம்மி! ஆனா நான் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது. அதே ஊர்ல இன்னொண்ணும் தெரிய வந்தது. பயனடைஞ்சவங்கள்ல பல பேர் பகுதி நேர வேலைக்காரங்க. ஸ்கூல் பஸ்ல பிள்ளைகளைப் பார்த்துக்கிற ஆயா மாதிரி. காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். மணிக்கூலி ஏறி என்ன பண்ண? மணியே கொஞ்சம்தானே! சட்டம் எழுதினவங்க கூலியைப் பார்த்தாங்க, நேரத்தைப் பார்க்கலை. அங்க ஒரு ஓட்டை.

லாஸ் ஏஞ்சல்ஸ்காரங்க இதையெல்லாம் பார்த்துட்டு இன்னும் கொஞ்சம் நெருக்கமா சலிச்சாங்க. 1997-ல அவங்க சட்டம் வந்தப்போ, மருத்துவ வசதி கொடுத்தா மணிக்கு 7 டாலர் 25, கொடுக்கலைன்னா 8 டாலர் 50. வருஷத்துக்குச் சம்பளத்தோட 12 நாள் லீவு. அதுக்கு முன்னாடி 1995-லேயே இன்னொரு சட்டம் போட்டுட்டாங்க. காண்ட்ராக்டர் மாறினாலும், பழைய ஆளுங்களைப் புதுக் காண்ட்ராக்டர் 90 நாளாவது வேலையில வச்சுக்கணும்னு. இந்த 90 நாளை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி இதுக்கு எனக்கு வேலை இருக்கு.

நம்ம நாட்டுக்கு வருவோம். நம்ம ஆளுங்க கணக்குல சளைச்சவங்க இல்லை. 1957-ல இந்தியத் தொழிலாளர் மாநாட்டில, கூலியை எப்படி நிர்ணயிக்கணும்னு சூத்திரமே போட்டுட்டாங்க. ஒரு தொழிலாளி குடும்பம்னா சாப்பாட்டுக் கணக்குல மூணு பங்கு. ஒரு பங்குக்கு நாளைக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தத்தில 20 சதவிகிதம். எவ்வளவு அழகாப் பார்த்திருக்காங்க!

ஆனா அந்த மூணு பங்கை எப்படிப் பிரிச்சாங்கன்னு கேளுங்க. புருஷன் ஒண்ணு. ரெண்டு பிள்ளை, தலைக்கு 0.6. ரெண்டும் சேர்ந்து 1.2. மனைவி? 0.8! (சிரிப்பு) நான் என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "என்னங்க, கணக்குப்படி நான் 0.8தானாம்." அவர் "அப்போ மீதி 0.2 என்னாச்சு?"ன்னார். "உங்களுக்குச் சமைக்கறதுல கரைஞ்சு போச்சு"ன்னேன். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அந்தக் கணக்குல மாமியாருக்கு இடமே கிடையாது. மருமகள்கள் கைதட்டாதீங்க! வயசான பெத்தவங்களைக் காப்பாத்தற நாட்டில, அவங்க சோத்துக்குப் பங்கு வைக்காம ஒரு சூத்திரம் எழுதினது பெரிய குறைன்னு நான் நினைக்கறேன். அப்புறம் 1991-ல, நம்ம சென்னையில இருந்த ஒரு மருந்துக் கம்பெனித் தொழிலாளிகள் வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னொரு 25 சதவிகிதத்தைச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைங்க படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், வயசான காலத்துக்குச் சேமிப்பு, இதெல்லாம் கூலிக்குள்ள வரணும்னு. பண்டிகை கொண்டாட உழைப்பாளிக்கு உரிமை இருக்குன்னு ஒரு கோர்ட் சொன்னதே, அது நல்ல மனசுதான். ஆனா அந்த நல்ல மனசு தீர்ப்பா வந்ததாலதான் அதுக்குப் பலம்.

இங்க எதிரணித் தலைவர் சிரிக்கிறார். எனக்குத் தெரியும், என்ன கேட்கப் போறார்னு. "சட்டம்தான் இருக்கே அம்மா, என்ன கிழிச்சது?"ன்னு கேட்பார். அதுக்குப் பதில் சொல்ல நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை. எங்க வீட்டுக்குப் போனாப் போதும்.

எங்கம்மா ஒரு அரசாங்கக் கட்டடத்தில பெருக்கற வேலை பார்த்தாங்க. காண்ட்ராக்ட் கூலி. நாலு மாடி. விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போனா ஆபீஸ் திறக்கறதுக்குள்ள முடிக்கணும். 1986-ல நான் எட்டாவது படிச்சேன். ஒரு சனிக்கிழமை, கூலி நாள். அரிசி வாங்கணும்னு நானும் பையைத் தூக்கிக்கிட்டு அம்மா கூடப் போனேன். ஒரு மேஜை, ஒரு ஆளு, ஒரு பெரிய ரிஜிஸ்டர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. மை தொட்டு வச்சாங்க. அவர் இருநூற்றுப் பத்து ரூபாயை எண்ணிக் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். எட்டாவதுல கணக்குல முதல் மார்க். பெருமை வேற. சத்தமா, எல்லார் காதிலயும் விழற மாதிரிச் சொன்னேன். "அம்மா, இதுல முந்நூற்று முப்பதுன்னு போட்டிருக்கும்மா!"

வரிசையே அமைதியாயிடுச்சு. அம்மா என் கையை அழுத்திப் பிடிச்சாங்க. அந்த ஆளு ஒண்ணும் கோபப்படலை. "பாப்பா நல்லாப் படிக்குதே"ன்னார். அவ்வளவுதான். அடுத்த மாசம் முதல் தேதி அம்மா போனப்போ, "காண்ட்ராக்ட் மாறிடுச்சு, புது ஆளுங்க வந்துட்டாங்க"ன்னுட்டாங்க. மத்தவங்க எல்லாரும் உள்ளதான் இருந்தாங்க. எங்கம்மா மட்டும்தான் வெளியில. (அரங்கில் அமைதி)

இப்போ சொல்லுங்க. சட்டம் இல்லையா? இருந்தது. 1948-லயே குறைந்தபட்சக் கூலிச் சட்டம். 1970-ல ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். அந்த 1970 சட்டத்தில அழகா எழுதியிருந்தது. கூலி கொடுக்கிற நேரத்தில வேலை வாங்கற நிர்வாகத்தோட பிரதிநிதி ஒருத்தர் பக்கத்தில இருக்கணும். சரியான தொகை கொடுத்தாங்கன்னு அவர் சான்று கொடுக்கணும். காண்ட்ராக்டர் குறைச்சுக் கொடுத்தா மீதியை நிர்வாகமே கொடுத்துட்டு அவர்கிட்ட வசூல் பண்ணிக்கணும். எல்லாம் இருந்தது. இன்னிக்கு அந்தப் பழைய சட்டங்களை எல்லாம் புதுத் தொகுப்புகளுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. ஆனா அந்தச் சனிக்கிழமை மேஜைக்குப் பக்கத்தில ஒரு நாற்காலி காலியா இருந்தது, நடுவர் அவர்களே. அந்த நாற்காலியில உட்கார வேண்டியவர் மாடியில இருந்தபடியே கையெழுத்துப் போட்டிருப்பார். அவரும் நல்லவராத்தான் இருந்திருப்பார்!

அதனால சட்டம் தோத்துப் போச்சா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பால்டிமோர்லயும் கூலியைப் பிடிச்சு வச்சுக்கிட்ட காண்ட்ராக்டர்கள் இருந்தாங்க. சம்பளப் பட்டியலை மாநகராட்சி வாங்கிப் பார்த்தது. தொழிலாளிகள் சங்கமா வந்து சொன்னாங்க. அப்புறம் பாக்கி வந்தது. ஆக, கூலி எவ்வளவுன்னு ஒரு வரி எழுதினா அது பாதிச் சட்டம்தான். மீதிப் பாதியையும் எழுதணும். கூலி எவ்வளவுன்னு கட்டட வாசல்ல பெரிய எழுத்தில தமிழ்ல போர்டு. பணம் கையில இல்லை, பேங்குல. குறைச்சுக் கொடுத்தவருக்கு அடுத்த டெண்டர் கிடையாது. காண்ட்ராக்டர் மாறினாலும் ஆளு மாறக் கூடாது. அந்த 90 நாள் இதுக்குத்தான்! 1986-ல அந்த ஒரு வரி எங்க ஊர்ல இருந்திருந்தா, "காண்ட்ராக்ட் மாறிடுச்சு"ங்கிற பொய்க்கு வேலையே இருந்திருக்காது. கேள்வி கேட்டவங்களை வேலையை விட்டு எடுத்தா, எதுக்கு எடுத்தோம்னு காண்ட்ராக்டர்தான் நிரூபிக்கணும். கைநாட்டு வைக்கிறவங்க நிரூபிக்க வேண்டியதில்லை. (நீண்ட கைதட்டல்)

நடுவர்: அம்மா, நேரம் ஆச்சு. ஆனா மணி அடிக்க மனசு வரலை.

பார்த்தீங்களா, நடுவருக்கு நல்ல மனசு. ஆனா மணின்னு ஒரு சட்டம் இருக்கறதாலதான் அடுத்தவருக்குப் பேச நேரம் கிடைக்கும்! (சிரிப்பு, கைதட்டல்) முடிச்சிடறேன் ஐயா.

மூணு மாசம் அம்மாவுக்கு வேலையில்லை. காதுல இருந்ததை அடகு வச்சுத்தான் எனக்கு அந்த வருஷம் நோட்டுப் புஸ்தகம் வாங்கினாங்க. அப்புறம் வேற ஒரு கட்டடம், வேற ஒரு காண்ட்ராக்டர். அங்கேயும் கைநாட்டுத்தான். நான் அந்தப் பக்கமே போகலை. அம்மா இப்போ எங்கூடத்தான் இருக்காங்க. நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கின அன்னிக்கு, ரொம்ப நாள் கேட்காம வச்சிருந்ததைக் கேட்டேன். "அம்மா, அன்னிக்கு நான் படிச்சது தப்பா?"ன்னு.

"படிச்சது தப்பில்லடி. சத்தமாப் படிச்சேல்ல, அதுதான்"னாங்க.

தீர்ப்பை உங்களிடமே விட்டு அமர்கிறேன்.